நாகமலையில் நாங்கள் மூடிய பாதை

உண்ணிச்செடிப் புதரை வெட்டும்போது ஒரு காரமான வாசம் வரும்... குளித்தாலும் கையை விட்டுப் போகாது. திங்கட்கிழமை பேங்க்கில் என் பக்கத்து சீட்காரர் மூக்கைச் சுளிப்பார்.

அப்போதெல்லாம் ஞாயிறு விடிந்ததும் நானும் ஜாபர் அண்ணனும் காளவாசலில் டீ குடித்துவிட்டு நாகமலைக்குக் கிளம்பிவிடுவோம். அண்ணனுக்கு டவுனில் பூட்டுக்கடை. மலை முதுகிலேயே நடந்து சோழவந்தான் பக்கம் இறங்க ஒரு பாதை வேண்டும் என்பது அவர் ஆசை. புதரை வெட்டி வெட்டி, சில வருஷத்தில் அந்தப் பாதை வந்தே விட்டது.

முதல்முறையாக, மலை நடக்க ஆசைப்பட்ட ஒரு பெரிய கூட்டத்தை அதில் அழைத்துப் போனோம். பங்குனி வெயில். பாதி வழியில் ஒரு பாறையில் எல்லாரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தலைக்கு மேலே ஒரு ராசாளிக் கழுகு சுற்றிக்கொண்டே இருந்தது... இறங்கவே இல்லை.

சந்தேகப்பட்டு, பாறை விளிம்பில் படுத்து பைனாகுலரில் பார்த்தேன். கீழே ஒரு இடுக்கில் கூடு. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரே ஒரு குஞ்சு, சுடுவெயிலில் வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, எல்லாரையும் கிளப்புங்க. நாம இருக்க வரைக்கும் தாய் இறங்காது."

"செத்த நேரத்துல போயிருவோம் தங்கச்சி. பசியில இருக்காங்கல்ல..."

"குஞ்சுக்கு நெழல் இல்லண்ணே. தாங்காது. வந்து பாருங்க."

வந்து படுத்துப் பார்த்தார். எழுந்தவர் கைதட்டினார்.

"கெளம்புங்கப்பா! சோத்த கீழ போயித் திம்போம்."

சரிவில் இறங்கி மறைந்தபின் திரும்பிப் பார்த்தோம். தாய் கூட்டில் வந்து உட்கார்ந்து, குஞ்சுக்கு மேலே இறக்கையை விரித்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். காளவாசலில் இறங்கியதும்தான் கேட்டார்.

"ஆளு நடமாட்டம் இருந்தா அது கூட்டுல இறங்காதுல்ல... அப்ப, பாதைய மூடணும்ங்கிற?"

"எம்புட்டு பாடுபட்டு வெட்டுனீங்கண்ணே..."

"அத விடு. நமக்கு நடக்க எங்கிட்டாச்சும் எடம் கெடைக்கும். அது எங்க போகும்?"

அடுத்த ஞாயிறு இரண்டு முனையிலும் கருவேல முள்ளை இழுத்துப் போட்டோம். அண்ணன் கையெல்லாம் கீறல். "பூட்டுக்கடக்காரன் பூட்டாம போவேனா?" என்று சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு மலையடிவாரமாகவே சுற்றி ஒரு பாதை கண்டுபிடித்தோம். தூரம் அதிகம்... ஆனால் அந்தக் குஞ்சு முதன்முதலாகப் பறந்ததை அங்கே நின்றுதான் பார்த்தோம். இருபது வருஷமாக நடப்பதும் அதில்தான்.

இப்போது நடக்க வருகிறவர்கள் ஏராளம். நல்ல ஷூ, கையில் போன், அதில் மேப். நாங்கள் அன்றைக்கு ரப்பர் செருப்பு. போன மாதம் ஒரு பெண் கேட்டாள், "அக்கா, மேல ஏற முன்னாடி ஒரு வழி இருந்துச்சாமே?"

காட்டலாம் என்று திரும்பினேன். எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. ஒரே புதர். முழங்கால் வலியோடு கல்லில் உட்கார்ந்திருந்த அண்ணனும் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார்...

"நல்லாத்தேன் வளந்துருக்கு," என்றார். இந்த முறை கண்ணும் சிரித்தது.