சட்டைப் பையில் வந்த மண்

எந்தத் துணி கைக்கு வந்தாலும் சித்தி முதலில் அதன் பையைத்தான் பார்ப்பாள். உள்துணியை நாக்கை இழுப்பதுபோல் வெளியே இழுத்து, தையல் கூடும் மூலையில் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்று சுற்றி, முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு தட்டு தட்டுவாள். கடையிலிருந்து அப்போதுதான் வந்த புதுச் சட்டைக்கும் இதே மரியாதைதான். என் பையில் பெரும்பாலும் கவிதை எழுதிய தாள் இருக்கும். அதை விரித்து எட்டப் பிடித்துக்கொண்டு கேட்பாள்:

“என்னடா இது, வரியெல்லாம் பாதியிலேயே நிக்குது? தாள்ல இடமில்லையா, உனக்குச் சொல்ல விஷயமில்லையா?”

நான் தாளைப் பிடுங்கிக்கொள்வேன். வாயால் சொல்ல வந்தால் தாள் எதற்கு?

அம்மாவின் தங்கை அவள். சித்தப்பா லாரி விபத்தில் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அப்போது கைக்குழந்தை. வந்த கையோடு ஊருக்கு வெளியே இருந்த ராணுவச் சலவைக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. அங்கே சூப்பர்வைசரை எல்லோரும் மடிப்பண்ணன் என்பார்கள். காலையில் போட்ட சட்டையின் மடிப்பு மாலைவரை கலையாதாம். அவர் மனைவியும் அங்கேதான் துவைத்துக்கொண்டிருந்தார். முதுகுவலி என்று அவர் நின்றுவிட, அந்த இடத்தை அண்ணன் சித்திக்குக் கொடுத்தார்.

“நோவு அந்த அக்காவுக்கு, சோறு எனக்கு” என்று சித்தி குற்ற உணர்ச்சியோடு சொல்வாள். வேலை இல்லாத நாட்களில் அவர் வீட்டுக்குப் போய் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு வருவாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே பாலைவனத்தில் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். இனி எந்த நாடும் நம்மிடம் வாலாட்டாது என்று தெருவே கொண்டாடியது. ஒரே குண்டில் ஒரு நகரம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுமாம் என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்களாம். அந்த நகரம் எப்போதும் வேறு யாருடையதாகவோ இருந்தது.

வெடித்த இடத்தில் வேலை பார்த்த சிப்பாய்களின் உடுப்பு மூட்டை மூட்டையாகச் சலவைக்கு வந்தது. பையெல்லாம் மண். அப்படியே போட்டால் இயந்திரத்தின் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பையாக இழுத்துத் தட்டினார்கள். மாவுபோல மண். பாத்திரம் தேய்த்தால் பளபளவென்று மின்னியது. ஆளுக்கொரு டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

“சும்மா கொட்டற மண்ணுதானே, எடுத்துக்குங்கம்மா” என்றார் மடிப்பண்ணன்.

மண்ணுக்குள் அங்கங்கே பச்சைக் கண்ணாடித் துணுக்குகள் இருந்தன. சித்தி அவற்றைப் பொறுக்கி வந்து எங்கள் ஜன்னலில் வரிசையாக வைத்தாள். வெயில் பட்டால் சுவரில் பச்சை விழும்.

பல வருஷம் கழித்து அரசாங்கம் அனுப்பிய இருவர் உடம்பு முழுக்க உறை மாட்டிக்கொண்டு வந்து அந்தத் துணுக்குகளைக் கிடுக்கியால் எடுத்து ஈயப் பெட்டியில் போட்டார்கள். “டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்றாள் சித்தி. அவர்கள் முகமூடியைக் கழற்றவில்லை. அதற்குள் சலவைக்கூடத்தில் துணி தேய்த்த ஒருத்திக்குக் கழுத்து வீங்கியிருந்தது, கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் இறந்திருந்தார்கள், சித்தியின் ரத்தம் கெட்டிருந்தது.

பெண்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். ஆபத்தைச் சொல்லாமல் வேலை வாங்கினார்கள் என்று விசாரணையில் ருசுவானால், ராணுவ மருத்துவமனையில் கடைசிவரை வைத்தியம். அவர்கள் தரப்பில் ஒரே ஒரு சாட்சிக்குத்தான் அனுமதி. அந்த உடுப்பு மூட்டைகளைக் கொண்டுவந்த வண்டியை ஓட்டியவர் தானாக முன்வந்தார். சித்தி ஒப்புக்கொள்ளவில்லை.

“அண்ணன் இருக்கும்போது டிரைவர் எதுக்கு? அவர் சொன்னா எடுபடும்.”

“உங்க அண்ணனுக்குச் சட்டை மடிப்பு கலையாது. வாக்கு கலையுதா இல்லையான்னு பாப்போம்” என்றாள், கழுத்து வீங்கிய தேய்ப்புக்காரி.

“உனக்கு வாய் மட்டும் வீங்கல, அதான் இப்படிப் பேசுற.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணன் பெயரையே கொடுத்தார்கள்.

விசாரணை அறையில் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். மடிப்பண்ணன் ஓய்வு பெற்றுத் தளர்ந்திருந்தார். சட்டை மட்டும் அன்றைக்குத் தேய்த்தது.

“இவங்களுக்கு விவரம் சொல்லப்பட்டதா?” என்று கேட்டார் அதிகாரி.

“சொன்னேங்க. கையுறை, முகமூடி எல்லாம் கொடுத்தோம். இவங்கதான் புழுக்கமா இருக்குன்னு கழட்டிப் போட்டாங்க.”

ஒரு பெண் ஐயோ என்றாள். சித்தி எழுந்து நின்றாள்.

“அண்ணே, என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் மேஜை விளிம்பைப் பார்த்தார். “நீ மறந்துட்டம்மா தங்கச்சி” என்றார். வீட்டில் பேசுகிற அதே வாஞ்சையான குரல்.

மனு தள்ளுபடியானது. வெளியே தேய்ப்புக்காரி சித்தியைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் கழுத்தை மறைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

எங்கள் பஸ்ஸில் சித்தி சொன்னாள்:

“யாரோ மிரட்டியிருக்காங்கடா. பென்ஷனை நிறுத்திடுவோம்னு சொல்லியிருப்பாங்க. அவருக்கும் அன்னைக்கு என்ன தெரியும்? நம்மள மாதிரிதானே.”

நான் தலையாட்டினேன். அந்த வாரம் துவைத்து வந்த என் சட்டைப் பைக்குள் கவிதை கூழாகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் யார் பையையும் பார்க்கவில்லை. ஆனால் யாராவது மடிப்பண்ணனை ஏசினால் மட்டும், படுத்த இடத்திலிருந்தே கையை உயர்த்தித் தடுப்பாள். “அவருக்குத் தெரியாதும்மா.” கடைசி வாரத்தில்கூட.

சாவுக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். நிமிர்ந்த நடை. வாசலில் குனிந்து செருப்பை அவிழ்த்தவர், பிடிமானம் தேடாமல் எழுந்தார். எல்லோரும் போன பிறகு வெறும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“எனக்கு முதுகுவலியே கிடையாது தம்பி. வரப்போற துணி ஆபத்துன்னு குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு மேலேருந்து சொல்லிட்டாங்க. அந்தத் துணியை நீ தொடக்கூடாதுன்னு என்னை நிறுத்திட்டுத்தான் உங்க சித்தியை அங்க உக்கார வச்சார். அவ வந்து ஒத்தடம் கொடுக்கும்போதெல்லாம் நான் குப்புறப் படுத்துக்கிட்டேன்.”