மாமியார் ஒன்பது, மருமகள் பதினான்கு: போடிமெட்டில் நான் கற்ற நிர்வாகம்

போடிமெட்டுக்கு எப்படிப் போவது, எப்போது போவது என்று கேட்டு நான்கைந்து பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர், சொந்தத் தொழில் தொடங்கப்போவதாகவும் நிர்வாகம் கற்றுத்தரும் வகுப்பில் சேரலாமா என்றும் கூடவே கேட்டிருந்தார். இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. எண்பத்தொன்றாம் வருஷம் ஆவணியில் நான் போன ஒருநாள் பயணம் அது. செலவு மொத்தம் எண்பத்தெட்டு ரூபாய். அதைவிட மலிவாக எந்த வகுப்பும் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. போடியில் சைக்கிளில் பொட்டலம் கட்டி ஏலக்காய் விற்கத் தொடங்கி, பதினோரு வருஷத்தில் ஒரு சின்னக் கடை பிடித்திருந்தேன். அந்த வருஷம்தான் முதன்முதலாக, போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை போகும் சாலையில் ஆறு ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். கையில் இருந்தது எல்லாம் அதில்தான். விளைச்சல் தவறினால் மறுபடி சைக்கிள்தான்.

காய் எடுக்க, போடிக்குப் பக்கத்தில் சிலமலை ஊரிலிருந்து பதினாறு பெண்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் ஏற்றி, மாலையில் கொண்டுவந்து இறக்குவது ஏற்பாடு. முதல் நாளே எனக்கு ஒரு யோசனை உதித்தது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில், அதிகம் விற்ற ஆளுக்குத் தினம் பரிசு கொடுப்பதைப் பார்த்திருந்தேன். அதேபோல, அன்று அதிகக் காய் எடுப்பவருக்கு ஒரு சேலை என்று அறிவித்தேன். மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை, முப்பத்தெட்டு ரூபாய்.

மாலையில் தராசு கட்டி, ஒவ்வொருவர் காயையும் நிறுத்து, எடையைச் சத்தமாக வாசித்தேன். முத்துலட்சுமி என்கிற இளம்பெண்ணுக்குப் பதினான்கு கிலோ. அவளுக்குத்தான் சேலை. கடைசியாக வந்தவர் பேச்சியம்மாள், ஒன்பது கிலோ. அவர் முத்துலட்சுமியின் மாமியார். மற்றப் பதினைந்து பேரையும் திரட்டிக் கூட்டிவந்தவரும் அவர்தான். நான் வேடிக்கை செய்வதாக நினைத்துக்கொண்டு, "மாமியார் ஒன்பது, மருமக பதினாலு!" என்று கூவினேன். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் தன் கூடையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாள் ஜீப்புக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் அப்படியே. செடியில் காய் பழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நாள் விட்டால் வெடித்து, நிறம் போய், மீதியை அணில் தின்றுவிடும். வேறு ஆள் தேடினேன். எடுப்பு மும்முரத்தில் எல்லா ஊர்ப் பெண்களும் ஏற்கெனவே யாரோ ஒருவர் ஜீப்பில் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, முதல் நாள் எடுத்து உலர்த்திய காயில் இரண்டு கைப்பிடியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இப்ராகிம் ராவுத்தர் கடைக்குப் போனேன். அவர் எனக்கு எதிர்க்கடைக்காரர். என் வாடிக்கையாளரை அவர் இழுப்பார், அவருடையவரை நான் இழுப்பேன். ஆனாலும் நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். போட்டியாளரிடம் போய் யோசனை கேட்பதா என்று சிலர் நினைப்பார்கள். என் குறையை என்னைவிடக் கூர்ந்து பார்த்துவைத்திருப்பவர் அவர்தானே!

பொட்டலத்தைப் பிரித்து, காயை உள்ளங்கையில் உருட்டினார். பாதிக்கு மேல் சுருங்கிப்போய்த் தோல் ஒட்டிக் கிடந்தது.

"என்ன மாப்ளே, இது ஏலக்காயா, வேப்பங்கொட்டையா?"

"காய வச்சதுல சூடு கூடிப்போச்சு போல மாமா."

"சூடெல்லாம் சரியாத்தான் இருக்கு. இது எளங்காய். முத்தறதுக்கு முந்தியே பறிச்சிருக்கு. யாரு இப்படி எடுக்கச் சொன்னா?"

நான் சேலைக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில், கல்லாவில் இருந்தவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"சேலை குடுத்து எளங்காய் வாங்குன மொத ஆளு நீதான். எங்கிட்டக் கேட்டு என்ன ஆகப்போவுது? நான் ஆளு வச்சு எடுத்தவன் இல்ல, எடுத்த காயை வாங்குறவன். உன் தோட்டத்துக்கு எதிர்க்கரையில சாரம்மான்னு ஒரு மலையாளத்துக்காரி இருக்கா. பதினோரு வருசமா நம்ம அடிவாரத்துப் பொம்பளைகதான் அவளுக்கு எடுக்குறாக. அவ ஜீப்பு ஒருநா காலியா ஏறி நான் பாத்ததில்ல. போய்க் கேளு. வெரசாப் போ."

என் ஆறு ஏக்கருக்கும் சாரம்மா சேச்சியின் பதினைந்து ஏக்கருக்கும் நடுவில் ஒரு ஓடைதான். இரண்டு மாதமாக அவரைத் தினமும் பார்த்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஒரு பெண்ணிடம் தோட்ட விஷயம் என்ன கேட்பது என்ற எண்ணம் எனக்கு இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது!

ஏழேகாலுக்கு ஜீப் கிளம்பியது. வாடகை எண்பது ரூபாய், எண்ணெய் உட்பட. பெண்கள் வரவில்லை என்றாலும் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது பேச்சு. போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முன்னும் பின்னும் போன ஜீப்புகளில் ஆட்கள் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போக, என் ஜீப்பில் நான் ஒருவன். ஒவ்வொரு வளைவிலும் பின்சீட்டுப் பலகைகள் தடதடவென்று அடித்துக்கொண்டன.

டிரைவர் செல்வத்துக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, பதினாறு பேரு போற வண்டில ஒத்தையாப் போறீக. ராசா கணக்கா இருக்கு."

"பேசாம ஓட்டுடா."

"அன்னைக்கு எறங்கும்போது நீங்க தோட்டத்துலயே நின்னுட்டீகண்ணே. பதினேழு வளைவுக்கும் 'மாமியார் ஒம்பது, மருமக பதினாலு'ன்னு பாட்டாவே பாடிப்புட்டாளுக. அந்த ஆத்தா சீலைத் தலைப்ப வாயில அமுக்கிக்கிட்டே வந்துச்சு. மருமவப்புள்ள அழுதுருச்சு."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலயே" என்றான். அதுவும் ஒரு பாடம்தான். மூன்று நாளாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் பஞ்சத்தைத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, ஏன் வரவில்லை என்று அவனிடம்கூடக் கேட்கவில்லை.

போடிமெட்டில் எட்டரை மணி. பனிமூட்டம். ஒரு டீ நாற்பது காசு. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் போய், சாலையிலிருந்து இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் சேச்சியின் தோட்டம். அவர் ரப்பர் செருப்போடு, இடுப்பில் துணிமடி கட்டிக்கொண்டு பெண்களோடு பெண்ணாகக் காய் எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஏதாவது உபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்தால், ஒரு மடித்துணியை என் கையில் கொடுத்தார்.

"ஒரு நிரை எடுத்துட்டு வா சாரே. பின்னே வர்த்தமானம் பேசாம்." ஒரு வரிசைச் செடியில் காய் எடுத்துவா, பேச்சு அப்புறம் என்கிறார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏலக்காய் மரத்தில் தொங்குவதில்லை. செடியின் தூரில், தரையோடு தரையாகச் சரம் படர்ந்து கிடக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, தழையை விலக்கி, ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும். ஒரே சரத்தில் முற்றியதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். அட்டை கணுக்காலில் ஏறும். பதினோரு வருஷமாக ஏலக்காய் விற்றவன், அன்றுதான் முதன்முதலாக அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் காய் பறித்தேன். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் மடி நிறைந்தது. பரவாயில்லையே என்று எனக்கே பெருமை.

சேச்சி ஒரு சாக்கை விரித்து என் மடியைக் கொட்டச் சொன்னார். இரண்டு குவியலாகப் பிரித்தார். சிறிய குவியலில் ஒரு காயை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே விதை கறுப்பு. பெரிய குவியலில் ஒன்றைக் கீறினார், விதை வெள்ளை.

"இது உணங்கியால், காஞ்சு போனா, வெறும் உமி. கனம் கூடணும்னு எடுத்தா இதுதான் கிட்டும். மிச்சம் வச்சா, இருபது நாள் கழிஞ்சு நல்ல காயாகும்."

"நான் எடை நினைச்சு எடுக்கலையே சேச்சி?"

"அய்யோ, மடி நிறைஞ்சப்போ சிரிச்சது யாரு?"

அவர் விடவில்லை.

"அந்தப் பதினாலு கிலோவில எத்தனை பிஞ்சு? ஒம்பது கிலோவில எத்தனை? தனித்தனியா உணக்கிப் பார்த்தோ?"

பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தான் உலர்த்தினேன்.

"ஒம்பது எடுத்த அம்மா பிஞ்சைத் தொட்டிருக்க மாட்டா. உங்க அடுத்த எடுப்பைக் காப்பாத்தினது அவங்களாணு. அவங்களை நீங்க, எல்லாரும் கேக்க, கூவிக் கேலியாக்கி."

கூலி எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே நாள்கூலி. யாருக்கு எந்த நிரை என்று பெண்களின் தலைவியே பிரிப்பார்; ஓடையோரம் காய் அதிகம், மேட்டில் குறைவு என்பதால் முறை மாற்றி மாற்றி விடுவார். நிறுப்பது மொத்தக் காயை மட்டும்தான். "நான் வேகம் பார்க்கில்ல சாரே. சாயந்திரம் சாக்கில கை விட்டுப் பிஞ்சு உண்டோன்னு பார்க்கும். அத்தறதான், வேறொண்ணும் இல்ல." வேறு ரகசியம் ஏதாவது உண்டா என்றேன். "இனி இங்க நிக்காம அவங்க வீட்டுக்குப் போ" என்றார்.

மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி, மூன்றேகாலுக்குப் போடி. வழியில் எனக்கும் செல்வத்துக்கும் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து எட்டு ரூபாய். வண்டியை நிறுத்தாமல் நேராகச் சிலமலைக்கு விடச் சொன்னேன். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழவில்லை.

"என்ன மொதலாளி, தராசு கொண்டாரலயா?"

"தப்பு என்னோடது ஆத்தா. மன்னிச்சுக்கங்க."

"ஒம்பது கிலோன்னு ஊருக்கே கேக்கச் சொன்னீக. தப்புன்னு மட்டும் எங்கிட்ட வந்து காதுல சொன்னா ஆச்சா? எம் மருமவ மூணு நாளா எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறா. செயிச்சவ அவ, தலைகுனிஞ்சு நிக்கிறவளும் அவ."

நான் சேச்சி சொன்ன முறையைச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே கூலி, தனி எடை கிடையாது.

"நெரைய நான்தான் பிரிப்பேன்."

"சரி."

"எங்க சோலி முடியுற மட்டும் நீங்க நெரைக்குள்ள வரப்படாது."

"சரி ஆத்தா."

"காலையில வாங்க. இப்பச் சொன்னத அங்கன வந்து சொல்லுங்க. அவளுக ஏறுனா ஏறட்டும்." வருவோம் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்குச் சிலமலை பஸ் நிறுத்தத்தில் பதினாறு பேரும் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. டீக்கடையில் ஏழெட்டு ஆண்கள் வேறு. நான் ஜீப்பை விட்டு இறங்கி, கிலோ வாசித்த அதே குரலில் சொன்னேன்: "அன்னைக்கு ஒழுங்கா எடுத்தது ஒம்பது கிலோதான். எளங்காயைப் பறிக்க வச்சது நான். முத்துலட்சுமி மேல தப்பில்ல. எனக்குத் தொழில் தெரியல." டீக்கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பேச்சியம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏறுடி, நேரமாச்சு." முத்துலட்சுமி ஏறினாள். பின்னாலேயே மற்றவர்களும். மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்; நான் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பதினேழு வளைவும் ஏறினேன்.

தோட்டத்தில் இறங்கி, அவர்கள் இடுப்பில் மடி கட்டும்போதுதான் கவனித்தேன். மஞ்சளில் அரக்குக் கரை. அந்தப் பரிசுச் சேலையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மருமகளும் மறுபாதியை மாமியாரும் மடியாகக் கட்டியிருந்தார்கள். நான் நிரைக்குள் போகவில்லை.

நான்கு நாளில் எடுத்து முடித்தார்கள். உலர்ந்த காயை ராவுத்தரிடம் கொண்டுபோனேன். உருட்டிப் பார்த்து, "இப்பச் சொல்லு மாப்ளே, என்ன வெலை?" என்றார். எதிர்க்கடைக்காரர் வாயால் விலை கேட்கவைத்ததை நான் அன்றிலிருந்து பெரிய சான்றிதழாக வைத்திருக்கிறேன். அந்தப் பெண்கள் எனக்கு ஒன்பது வருஷம் எடுத்தார்கள்.

இனி, போகிறவர்களுக்கு. மேலே சொன்ன செலவெல்லாம் அன்றைய கணக்கு; இன்றைய கட்டணத்தைப் போடியில் விசாரித்துக்கொள்ளுங்கள். தூரமும் வளைவும் மாறவில்லை. எடுப்பைப் பார்க்க வேண்டுமானால் ஆவணியிலிருந்து தை வரை போகலாம். காலை ஏழுக்குள் ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனியோ மழையோ பிடித்துக்கொள்ளும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஒன்று, ஒரு கம்பளிச் சட்டை. வயிறு புரட்டுகிறவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொழில் கற்கப் போகிற அந்த நண்பருக்குத் தனியாக ஒன்று. அனுபவசாலியைத் தேடி எங்கெங்கோ அலைய வேண்டாம். எதிர்க்கடையில் ஒருவர் இருப்பார், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருவர், ஸ்டியரிங் பிடித்தபடி ஒருவர். ஆனால் மூவரையும் பார்த்துவிட்டு அதோடு நின்றுவிடாதீர்கள். உங்களால் தலைகுனிந்தவர் ஒருவர் இருந்தால், கடைசியில் அவர் வீட்டு வாசலுக்கும் போக வேண்டும். எனக்கு அந்தப் பயணத்தில் மிகக் கடினமான ஏற்றம் அதுதான். அங்கே ஒரு வளைவுகூடக் கிடையாது.