தை வெள்ளியில் ஆலங்கட்டி: கரிவலம்வந்தநல்லூர்க் கிடைக்கு ஒரு பயணம்

மாலைக்குள் சூறைக்காற்றோடு ஆலங்கட்டி விழும் என்று எச்சரிக்கை வந்த தை வெள்ளியன்று, வீட்டில் அடங்கியிருக்க வேண்டிய மேடைப் பேச்சாளன் நான் சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூருக்குப் புறப்பட்டேன். என்னோடு படித்த மாடசாமி அங்கே அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தான். இரவில் ஆடுகள் வயலிலேயே அடைந்து எருவிடும். விடியும் வரை அவனும் மனைவி பேச்சியம்மாளும் காவல். அந்த வாரம்தான் ஆடுகள் ஈன்றிருந்தன.

"குட்டியெல்லாம் வெட்டவெளியில கெடக்குலே. நெலத்துக்காரரு கிடையை எடுக்க விடமாட்டேங்காரு. மேடையில பேசுததை ஒருக்க இங்கன வந்து பேசு" என்றான் கைப்பேசியில்.

இராசபாளையம் பேருந்தில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அரை மணியில் இறங்கலாம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அன்று பேருந்து நிறையக் குரங்குக் குல்லாய்கள்! ஆலங்கட்டி என்ற எச்சரிக்கையைக் கைப்பேசிகள் 'பனிப்புயல்' ஆக்கிவிட்டிருந்தன.

"குடும்பத்தோட மலையடிவாரத்துக்குப் போறோம் அண்ணாச்சி, பனி கொட்டுததைப் பாக்க" என்றார் அருகிலிருந்தவர்.

"காலையிலயிருந்து காஷ்மீருக்குத்தான் டிக்கெட் கேக்காவ" என்று நடத்துநர் தலையிலடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் கல்லெறியப் போகிறது. அதற்கும் பார்வையாளர் கூட்டமா?

வயலில் பிரம்புக் கூடுகளுக்குள் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. மேற்கே மலை தெரியவில்லை. கருமை மட்டுமே நின்றது. நிலத்துக்காரர் சுப்பையா குடையோடு வரப்பில் நின்றார்.

"தை வெள்ளி அதுவுமா கிடையைக் கெளப்புனா, நெலத்து லச்சுமி கூடவே போயிருவா வே. நாளைக்கு எடுக்கட்டும்."

நான் பொங்கினேன். உயிர்களைக் கொன்று எந்தத் திருமகளைக் காக்கப் போகிறீர்கள், ஈன்ற தாயின் மடி காயும் நிலத்தில் எந்தப் பயிர் தழைக்கும் என்று கேட்டேன். பேசி முடித்ததும் அவர் தலையாட்டினார்.

"நல்லாப் பேசுதீரு வே. மைக் இல்லாமலே மூணு தெருவுக்குக் கேக்கும். ஆனா கிடை நகராது."

இதைவிடக் கொடுமை, மாடசாமியும் அவரோடு சேர்ந்து தலையாட்டியது. வெள்ளியில் கிடை பெயர்க்க அவனுக்கும் உள்ளூர அச்சம். முதல் இடி விழுந்தது. பேச்சியம்மாள் ஒரு கூட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, லச்சுமி உங்களை விட்டுப் போவக்கூடாது, அம்புட்டுத்தான? அப்பம் உங்க வீட்டுக்கே பத்திட்டு வாரோம். உள்ள வாரவளை வாசல்ல மறிப்பியளோ?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் நடக்க, மாடசாமி ஆடுகளை ஓட்டினான். கிடை ஊர்த் தெருவில் ஓடியது; நானும் ஒரு கூட்டைச் சுமந்தேன். சுப்பையா முந்திப் போய்ப் புதுவீட்டு இரும்புக் கதவை மறித்து நின்றார். "ஏட்டி, உள்ள டைல்ஸ் போட்டிருக்கு!"

அவர் மனைவியின் குரல் உள்ளிருந்து வந்தது: "வெள்ளிக்கெழம வாசலுக்கு வந்தவளைத் திருப்புனா குடும்பம் வெளங்குமா? கதவைத் தொறங்க!"

கடைசிக் கூடு உள்ளே போனபோது கார்க் கொட்டகையின் தகரம் அலறியது. நெல்லிக்காய்ப் பருமனில் கட்டிகள் முற்றத்தில் தெறித்தன. குட்டிகள் தாய்மடியை முட்டின. சுப்பையா மார்நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"பாத்தீரா வே, எங்க வீட்டு லச்சுமி எத்தனை உசுரைக் காப்பாத்திட்டா!"

நான் வாயெடுக்குமுன் பேச்சியம்மாள் தடுத்தாள். "சும்மா இருங்க அண்ணே. ராத்திரிக்கும் இந்தக் கொட்டகை வேணும்லா."

என் வாழ்நாளில் விழுங்கிய மிகக் கசப்பான பேச்சு அது.

இப்படி எச்சரிக்கை வரும் நாளில் இந்தப் பக்கம் பயணம் வைத்திருப்போருக்கு: காற்று எழுந்தால் பேருந்துகள் நின்றுவிடும்; இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். வேடிக்கை பார்க்க மலையடிவாரம் போகாதீர்கள். வழியில் கிடை தென்பட்டால் இறங்கி, குட்டிகளுக்குக் கூரை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அருகில் எந்த வீட்டில் கொட்டகை இருக்கிறதோ, அந்தக் கதவைத் தட்டுங்கள். நாள் பார்க்காமல் தட்டுங்கள்.