தங்கச்சியைச் சாப்பிட வைத்த உம்மா

எங்கள் உம்மாவுக்காகத் துஆக் கேட்டுக் கையேந்த வந்திருக்கும் சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் ஸலாம். நான் அதிகம் படிக்காதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உம்மா பிறந்ததும் வாழ்ந்ததும் கல்முனையில்தான். வரிப்பத்தான்சேனையிலிருந்து வாப்பா மாப்பிள்ளையாக வந்தார். வாப்பா வயலிலேயே கிடப்பார். எங்களை வளர்த்தது உம்மா. சூறாவளியில் கூரை பறந்து, வீட்டிலிருந்த நெல்லெல்லாம் நனைந்து முளைத்துப்போன காலத்திலும் எங்களை வெறும் பிளேன்டீயோடு படுக்க விட்டதில்லை. விழுந்து கிடந்த முருங்கையில் இலை உருவி, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டித் தந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் எதையும் சாப்பிடும் என்று தெருவில் சொல்வார்கள். எங்களைச் சாப்பிட வைக்க உம்மா அதட்டி நான் கண்டதில்லை.

போன வருடம் நெஞ்சு வருத்தத்தில் உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போனார். ஏழாம் நாள் கத்தம் ஓதும் வரை அயல் வீடுகளிலிருந்து சோறு வந்தது. பிறகு அடுப்படி என் கைக்கு வந்தது. சின்னத் தங்கச்சி சோற்றைத் தொடவில்லை. அழாமல் இருந்தால் போதும் என்று பாணும் சீனியும், விசுக்கோத்தும் கொடுத்தேன். பிள்ளை மெலிந்து போனாள்.

ஒரு பகல் குறிஞ்சா இலை சுண்டிச் சோற்றோடு வைத்தேன்.

“தின்னு புள்ள.”

“வேணா. கைக்கும்.”

“உம்மா தந்தாத் திண்டாயே. நான் தந்தா மட்டும் கைக்குதா?”

“உம்மா பக்கத்துல இரிந்து தானும் திம்பா. நீ நிண்டுக்கிட்டு ஏசுறாய். உன்ட சோத்துப் பீங்கான்ல இலையே இல்லையே, ராத்தா!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த வாப்பா சிரித்துவிட்டார். “கேட்டாளே கேள்வி!” பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “உங்கட உம்மாவுக்கும் குறிஞ்சா ஆகாதுகா. கலியாணம் கட்டின புதிசில கண்டாலே மூஞ்சியச் சுழிப்பா. நீ சோறு திங்கத் தொடங்கின பொறகுதான் அவவும் திண்டா.”

எனக்கு நிலத்தைத்தான் பார்க்க முடிந்தது. எனக்காகத் தொடங்கியதாம். நானோ குறிஞ்சா இலையை மட்டும் எப்போதும் பீங்கான் ஓரத்தில் ஒதுக்கி வைப்பேன். உம்மா அதையும் எடுத்துத் தின்பார். உம்மாவுக்கு அது பிடிக்கும் என்றே நினைத்திருந்தேன்.

பாயில் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, இலையை நிறைய அள்ளி வாயில் வைத்தேன். தங்கச்சி என் வாயையே பார்த்தாள்.

“கைக்குதா?”

“ஓம். நல்லாக் கைக்குது.”

சிரித்துக்கொண்டே அவளும் ஒரு கிள்ளு எடுத்தாள்.

மையித்து விழுந்த எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய மாமிமாருக்கும், காசு வாங்காமல் இலைக்கட்டு வைத்துவிட்டுப் போன, கீரை விற்க வரும் பாண்டிருப்பு அக்காவுக்கும் எங்கள் நன்றி. தங்கச்சி தேறிவிட்டாள் என்று என்னைப் புகழாதீர்கள், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உம்மா இருக்கும்போது ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து அந்த இலையைத் தின்றிருக்கலாம்.

உம்மாவின் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். மறுமையில் உம்மாவைக் காணும்போது நான் முகம் நிமிர்த்தி நிற்கவும் துஆச் செய்யுங்கள்.