சிங்கத்தின் வயிற்றில் ஒரு பெயர்

திருச்சியில் நான் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. உச்சியில் சிறகு விரித்த பெண், நடுவில் ஓடாத கடிகாரம், அடியில் நான்கு சிங்கங்கள். இறந்தவர்களைத் தவிர எல்லாம் உண்டு. கல்லில் வெட்டிய பெயர்கள் நன்கொடை கொடுத்தவர்களுடையவை.

ஒரு நாள் பெயிண்டர் ஒருவர் சிங்கங்களுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். காட்டன் புடவையும் ஆண்கள் கைக்கடிகாரமுமாக ஒரு வயதான அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தார். எதைப் பார்த்தாலும் குடை நுனியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. என் பையைத் தட்டினார். பிறகு சாலையைக் கடந்து போய்ச் சிங்கத்தைத் தட்டினார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனேன்.

“தம்பி, இது சிங்கமா, நாயா?”

“கமிட்டில சிங்கம்னுதாங்க சொன்னாங்க” என்றார் பெயிண்டர்.

“பிரஷ்ஷக் கொஞ்சம் குடுங்க. எங்க தாத்தாவோட அண்ணன் இந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பி வரல. அவர் பேரு எங்கயுமே இல்ல.”

பெயிண்டர் தயங்கினார். பிறகு சிங்கத்தின் கண்ணுக்கு வைத்திருந்த கறுப்பு பெயிண்டை நீட்டினார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, சிங்கத்தின் வயிற்றில் ‘சவரிமுத்து, மணப்பாறை’ என்று எழுதினார்.

“வயித்துல எழுதுறீங்களேம்மா?” என்றேன்.

“மேல இடமெல்லாம் பெரிய மனுசங்க பிடிச்சிட்டாங்க. இங்க யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. அதனால அழிக்கவும் மாட்டாங்க.”

புடவையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் பஸ் வரத் தாமதமானது. போய்க் குனிந்து பார்த்தேன். சவரிமுத்துவுக்குக் கீழே, வேறு வேறு கையெழுத்தில், இன்னும் மூன்று பெயர்கள் இருந்தன.