வலிப்பு வரட்டும் என்று வேண்டிய நாட்கள்

போன வருடம் ஆடித் தள்ளுபடி சமயம். தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமிருக்காது. நானோ அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனைக் கட்டிலில், வலிப்பு எப்போது வரும் என்று காத்துக்கிடந்தேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூளையில் அது கிளம்பும் இடம் சரியாகத் தெரிந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்காகத் தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். எதிரே கேமரா. மாத்திரையை நிறுத்தினார்கள். வலிப்பு வந்தால்தான் மூளை அலைகளில் அந்த இடம் பதிவாகுமாம். இத்தனை வருடம் வராதே என்று வேண்டிய சாமியிடமே, வரட்டும் என்று வேண்டினேன். என்ன பிழைப்பு இது!

துணைக்கு என் வீட்டுக்காரர் இருந்தார். ஆதம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். வலிப்பு வந்தால் பட்டனை அமுக்கிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், தொடக்கூடாது, நாங்கள் ஓடி வந்துவிடுவோம் என்று நர்ஸ் சொன்னபோது நன்றாகத்தான் தலையாட்டினார்.

மறுநாள் மதியம் வலிப்பு வந்தது. கண் விழித்தபோது என் கையில் ஆட்டோ சாவிக்கொத்து. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அவர் பாய்ந்து வந்து என் தலையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒயர்கள் பிய்ந்துவிட்டன. கேமராவில் அவர் முதுகுதான் தெரிந்தது.

“எந்தக் கை முதல்ல இழுக்குதுன்னு பார்க்கணும், அண்ணா. இப்ப இன்னொரு தடவை வரணும்” என்றார் நர்ஸ்.

“பொண்டாட்டி துடிக்கச்சொல்லோ சும்மா பார்த்துக்கினு நிக்கணுமா? இன்னாமா பேசுற?” என்று எகிறியவர், வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

அடுத்த தடவை அவர் தொடவில்லை. பதிவு முழுசாகக் கிடைத்தது. டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். என் வலிப்பை நான் பார்த்தது அன்றுதான். வாய் கோணி, கை முறுக்கிக்கொண்டு... சகிக்கவில்லை. திரையின் ஓரத்தில் அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, சாவிக்கொத்தைத் தன் கையிலேயே இறுக்கிப் பிடித்தபடி, என் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

வலிப்பு ஒரு இடத்தில் இல்லை, மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்புகிறது, ஆபரேஷன் முடியாது என்றார் டாக்டர்.

எங்கள் ஆட்டோவில் வீடு திரும்பும்போது வேளச்சேரி சிக்னலில், முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: “நான் அன்னிக்கு புடிக்காம இருந்தா ஆபரேஷன் நடந்திருக்குமா?”

இல்லவே இல்லை, டாக்டரே சொன்னாரே என்றேன். நம்பினாரோ என்னவோ.

இன்றும் வலிப்பு வருகிறது. இரும்பால் அது நிற்காது என்று தெரிந்தும், கண் விழித்தால் கையில் சாவி இருக்கிறது. அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வலிப்பு என்பது கொஞ்ச நேர இருட்டு, அவ்வளவுதான்; விழித்திருந்து என் வலிப்பை முழுசாக அனுபவிப்பவர் அவர்தான் என்று அந்தத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.