தும்மியவர் இருக்கும் படம்

பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் வம்பக்கா. வம்பு பேசுவதால் அல்ல, வம்பை எழுதுவதால். வட்டார வரலாற்று மின்தொகுப்பில் ஏற்றுகிற ஒவ்வொரு பழைய புகைப்படத்துக்கும் கீழே அதில் என்ன இருக்கிறது என்று குறிப்பு எழுதுவது அவள் வேலை. "பாலத் திறப்பு விழா" என்று எழுதிவிட்டுப் போகலாம், சம்பளம் அதே சம்பளம்தான். ஆனால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. "ரிப்பன் வெட்டுபவரை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் பின்னால் கவிழ்ந்த நாற்காலியைப் பார்க்கிறார்கள்" என்று எழுதினால்தான் மதியச் சாப்பாடு உள்ளே இறங்கும்.

வீட்டிலும் இதே கதைதான். பஸ் ஓட்டுகிற கணவர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததுமே, இன்றைக்கு யார் யாரை முறைத்தார்கள் என்று கேட்பார். என்றைக்கோ செத்துப்போனவர்களின் சண்டையை இருவரும் பக்கத்து வீட்டு விவகாரம் போல அலசுவார்கள். அவளுக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும்.

அதில்தான் மண் விழுந்தது. பிரிவுத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர், கத்தத் தெரியாதவர். பல நூலகங்களின் தொகுப்புகளை ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்களாம், குறிப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். இடம், ஆண்டு, நிகழ்ச்சி போதும், மற்றதை எடுத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கடுப்பு.

தன் கையாலேயே அழித்தாள். கவிழ்ந்த நாற்காலி போயிற்று. கல்யாணப் படத்தில் முறைத்துக்கொண்டிருந்த சம்பந்தி போனார். ஒவ்வொன்றுக்கும் அழுகை முட்டியது. அப்புறம் தபால் ஊழியர்களின் குழுப் படம் வந்தது. "பின்வரிசையில் ஒருவருக்குத் தும்மல், முகம் கலங்கிவிட்டது, பக்கத்தில் நிற்பவர் ஒதுங்கிக்கொள்கிறார்." அதை அழிக்க மனசு வரவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள்.

அடுத்த வாரம் தலைவர் மறுபடியும் கூப்பிட்டார். அவர் அறையில் தலை நரைத்த ஒரு லாரி டிரைவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ படத்தில் இருப்பவரின் சொந்தக்காரர், குறிப்பைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"தும்மல்னு எழுதினது நீங்களாம்மா?"

"ஆமாங்க. தப்புன்னா எடுத்துடறேன்."

தப்பில்லை என்று தலையாட்டிவிட்டு அவர் சொல்லத் தொடங்கினார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துபோய்விட்டார். வீட்டில் ஒரு படம் கிடையாது. ஏன் இல்லை என்று கேட்டால் அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாராம்: தபால் ஆபீசில் ஒரே ஒரு தடவை எடுத்தார்கள், பின்வரிசையில் நின்ற மனுஷன் தும்மிக் கெடுத்துவிட்டார், வெட்கப்பட்டுக்கொண்டு படத்தை வாங்கவே இல்லை. பிள்ளையைச் சமாதானப்படுத்தக் கட்டிய கதை என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். இவரும் அப்படித்தான் நினைத்தார். போன வாரம் சரக்கு ஏறும்வரை பொழுது போகாமல், போனில் விளையாட்டாக ஊர்ப் பெயரையும் தபாலையும் தும்மலையும் சேர்த்துத் தட்டிப் பார்த்தாராம். ஒரே ஒரு படம் வந்து நின்றது.

அவள் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். ஊரும் அதே, ஆபீசும் அதே. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கலங்கல். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"முகம் தெரியலையேங்க."

"முகம் கிடக்கட்டும்மா. எங்கம்மா பொய் சொல்லலை. நான்தான் இத்தனை வருஷமும் நம்பலை. வீட்டுக்குப் போனதும் அவங்க கால்ல விழணும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அழித்ததெல்லாம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். பழையதெல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது என்றாள். ஒரே மாதிரிக் குறிப்புக்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றச் சொன்னார். டிரைவர் அப்பாவின் பெயரைச் சொல்லச் சொல்ல, தும்முகிறவருக்குப் பக்கத்தில் அதைத் தட்டினாள். அம்மாவுக்கென்று ஒரு பிரதியும் எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்குக் கணவர் வழக்கம்போலக் கேட்டார், யார் யாரை முறைத்தார்கள் என்று.

"யாரும் முறைக்கலை. ஒருத்தர் தும்மினார்" என்றாள். மேலே சொல்ல முடியாமல் அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.